14 இடம் பார்க்க ஒரு நாள் போதுமா?

சென்னையில் பல வருடம் சுற்றுலா வழிகாட்டியாக இருந்து ஓய்வுபெற்ற திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர், வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில், சென்னைக்குக் குறைந்த நேரத்தோடு வருபவர்களின் கேள்விகள்.

கேள்வி: மேடம், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக வருகிறோம். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். அன்று மதியத்துக்கு மேலும் சனிக்கிழமை முழுக்கவும் சும்மாதான் இருப்போம். சனி இரவு சென்ட்ரலில் ரயில். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள். ஒரு டிராவல்ஸில் 'ஒரே நாளில் 14 இடம், ஏசி வேன், கைடு உண்டு' என்கிறார்கள். இன்னொருவர் மயிலாப்பூரை மட்டும் இரண்டரை மணி நேரம் நடந்து காட்டுகிறேன் என்கிறார். பணம் ஏறக்குறைய அதேதான் கேட்கிறார். எதை எடுப்பது?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: 14ஐ விட்டுவிடுங்கள், அம்மா. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்கு ஏற்றி மாலை 6 மணிக்கு இறக்கிவிட்டால் 10 மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி, நம் ஊர் டிராஃபிக்குக்கு மூன்று மணி போனால் மிச்சம் 6. ஓர் இடத்துக்கு 25 நிமிடம் தேறும். செருப்பு விடுவதும் டிக்கெட்டுக்கு நிற்பதும் பாத்ரூம் தேடுவதும் அதற்குள்தான். "லெஃப்ட்ல பாருங்க, அதான் ஹைகோர்ட்டு" என்று வண்டி ஓடும்போதே கை காட்டினால் அதுவும் 14இல் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

வேன்காரரிடம் எத்தனை இடம் என்று கேட்காதீர்கள். எங்கெங்கே இறங்குவோம், எவ்வளவு நேரம் நிற்போம், கைடு நம்மோடு உள்ளே வருவாரா, இதைக் கேளுங்கள். பல வண்டிகளில் கைடு என்பது டிரைவரைத்தான். அவர் நல்ல மனிதராகவே இருப்பார், ஆனால் வண்டியை விட்டு வரமுடியாது.

நடந்து காட்டுகிறவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவேண்டாம். முதலில் மொழி. சென்னையில் இப்படி நடத்தப்படும் நடைகளில் நிறைய ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தமிழ்க் குடும்பம் என்று தெரிந்தாலும் கூட்டத்தில் நாலு வெளிநாட்டவர் இருந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். தமிழில்தான் வேண்டும் என்று முன்பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் மகளுக்காக அல்ல, உங்களுக்காக. தேவாரம் பாடிய ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் பாதி உப்புச்சப்பில்லாமல் போய்விடும். அடுத்தது, கூட்டம் எத்தனை பேர்? மாட வீதியில் ஆட்டோ ஹாரனுக்கு நடுவே 15 பேரைத் தாண்டினால் பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. மூன்றாவது, மத்திய அல்லது மாநில சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டை இருக்கிறதா? ஆர்வத்தால் நன்றாகச் சொல்லும் அட்டையில்லாதவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொல்லியல் துறை நினைவுச்சின்னங்களில் அட்டை இல்லாதவரை நம்பிப் போனால் வாசலில் பிரச்சினை வரும்.

இன்னொன்று நான் கேட்பேன். "கபாலீஸ்வரர் கோயில் எவ்வளவு பழசுங்க?" யோசிக்காமல் "ரெண்டாயிரம் வருஷம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இன்று நிற்கும் கட்டடம், கடலோரத்தில் இருந்த பழைய கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தபிறகு எழுந்தது. ராஜகோபுரம் 1906இல் கட்டியது. ஆனால் 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் மயிலாப்பூரைப் பாடிவிட்டார். இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை எழுப்ப அவர் பாடியதாகச் சொல்லும் பூம்பாவைப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று இந்த ஊர்த் திருவிழாக்கள் வரிசையாக வருகின்றன. கட்டடம் புதுசு, ஊர் பழசு. இந்த இரண்டையும் குழப்பாமல், பூம்பாவை சந்நிதி முன்னால் நின்று சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் அவர் கேட்கும் பணம் நியாயம்தான்.

இனி கிழமை. வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம் விடுமுறை, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் விடுமுறை. கோயில் மதியம் மூடி 4 மணிக்குத்தான் திறக்கும். வெள்ளி மாலை கற்பகாம்பாள் சந்நிதியில் கூட்டம் நெரியும், நின்று கதை கேட்க முடியாது. ஆகவே வெள்ளி மதியம் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கி எழுந்து, வெயில் தாழ சாந்தோம் தேவாலயம், அங்கிருந்து கடற்கரை. அதற்குக் கைடு வேண்டாம். சனி காலை 6 மணிக்கு மயிலாப்பூர் நடை. மகளை எழுப்புவது உங்கள் பாடு. டிபன் முடித்து 10 மணிக்கு எழும்பூர் அருங்காட்சியகம், சாப்பாட்டுக்குப் பின் கோட்டை. கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, ஆதார் கையில் இருக்கட்டும். உள்ளே 1680இல் கட்டிமுடித்த புனித மரியாள் தேவாலயம் இருக்கிறது. ராபர்ட் கிளைவ் 1753இல் கல்யாணம் பண்ணிக்கொண்ட இடம். அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அது ஒன்றே போதும். அங்கிருந்து சென்ட்ரல் பக்கம்தான், ஓடவேண்டியதில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. அவருடைய தாத்தா காலத்தில் மலேசியா வந்த குடும்பம். 'ஒரு தடவையாவது காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் பார்க்கவேண்டும்' என்கிறார். சென்னையில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு முழு நாள். இரண்டையும் சேர்த்துப் பேக்கேஜ் தருகிறார்கள். போகலாமா?
(வாசகர், கோலாலம்பூர்)

பதில்: போகலாம், ஆனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் இரண்டுக்கும் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த பேக்கேஜ் ஏன் எப்போதும் காஞ்சிபுரத்தில் ஆரம்பிக்கிறது தெரியுமா? காஞ்சிக் கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், 4 மணி வரை திறக்காது. அதனால் காலையில் காஞ்சி. அதை முடித்து, சாப்பிட்டு, மாமல்லபுரம் போய் இறங்குவது உச்சி வெயில் இன்னும் தணியாத நேரத்தில். நிழலே இல்லாத மணலும் பாறையும். இளவயதுக்காரர்களே சுருண்டுவிடுவார்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவுக்குச் சாமி தரிசனம்தான் முக்கியம் என்றால் காஞ்சி. அங்கே கைடைவிட, பொறுமையான டிரைவரும் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டிய ஏற்பாடும்தான் தேவை. சிற்பம் என்றால் மாமல்லபுரம், அதுவும் விடியற்காலையில் கிளம்பி. சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள்தான். காலை 6 மணிக்கே திறந்துவிடுவார்கள். கடற்கரைக் கோயிலுக்கு நல்ல நடைபாதை இருக்கிறது. ஐந்து ரதத்தில் மணலில் கால் புதையும். அம்மாவை ஓரமாக உட்காரவைத்து நீங்கள் மட்டும் ஒரு சுற்று வாருங்கள்.

அம்மாவுக்காகவே அமைந்தது அர்ச்சுனன் தபசு. சுமார் 30 மீட்டர் நீளப் பாறை, தெருவோரத்திலேயே இருக்கிறது, படி ஏறவேண்டாம். இங்கேதான் கைடுக்குக் கொடுக்கிற காசு வசூலாகும். ஒற்றைக்காலில் தவம் செய்கிறவர் அர்ச்சுனனா, கங்கையை இறக்கக் கேட்கும் பகீரதனா என்று இரண்டு கட்சி உண்டு. நல்ல கைடு இரண்டையும் சொல்லி, நடுவே இருக்கும் பாறைப் பிளவையும் அதில் நீந்தும் நாகர்களையும் காட்டி, "நீங்களே சொல்லுங்கம்மா" என்பார். அதே பாறையில் கையைத் தூக்கித் தவம் பண்ணும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும் இருக்கின்றன. அதைக் காட்டாமல் நகர்ந்தால் விடாதீர்கள்.

ஒரு பண விஷயம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்: இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. உங்களிடம் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் இந்தியருக்கான கட்டணம்தான். மறக்காமல் எடுத்து வாருங்கள். பேக்கேஜில் 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று இருந்தால், எந்தக் கட்டணத்தைக் கணக்குப் பண்ணியிருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பிறந்ததிலிருந்து சென்னைதான். டொரண்டோவிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது, ஞாயிறு ஒருநாள் ஊர் சுற்றிக் காட்டவேண்டும். எங்கள் ஊரைப் பார்க்க நானே கைடுக்குப் பணம் கொடுப்பதா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
(வாசகர், அண்ணா நகர்)

பதில்: சிரிக்கட்டும் சார். உங்களிடம் ஒரு கேள்வி: அரண்மனைக்காரத் தெருவுக்கு அரண்மனை எதுவும் இல்லாமல் அந்தப் பெயர் ஏன் வந்தது? அங்கே இருந்தவர்கள் அர்மீனியர்கள், அவர்கள் பெயர்தான் நம் வாயில் அப்படி மருவிவிட்டது. 1772இல் கட்டிய அவர்கள் தேவாலயம் இன்னும் இருக்கிறது. அவர்களில் ஒரு பெரிய வணிகரான கோஜா பெட்ரஸ் உஸ்கான்தான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டக் காசு கொடுத்தவர். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் உபயம். உலகத்தின் முதல் அர்மீனியப் பத்திரிகை 1794இல் வெளியானது அவர்கள் நாட்டில் இல்லை, நம் சென்னையில். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அந்த வளாகத்திலேயே இருக்கிறது. எத்தனை முறை பாரிமுனையில் பஸ் மாறியிருப்பீர்கள்!

ஜார்ஜ் டவுனுக்குக் கட்டாயம் கைடு எடுங்கள். மயிலாப்பூரைக் கண்ணால் பார்த்தாலே பாதி புரியும். ஜார்ஜ் டவுன் போர்டுகளுக்கும் கேபிள்களுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது, யாராவது மேலே பார்க்கச் சொன்னால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்பதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கடைகள் பெரும்பாலும் அடைப்பு, தெரு காலியாக இருக்கும், கட்டடங்களை நிம்மதியாகப் பார்க்கலாம். மூட்டை தூக்குகிறவர்களும் மீன்பாடி வண்டிகளும் இல்லாத அந்தத் தெருக்கள் எனக்கு என்னவோ மாதிரி இருக்கும். டொரண்டோக்காரர்கள் சனிக்கிழமையும் இருப்பார்கள் என்றால் சனி காலை 7 மணிக்கே போங்கள். மெட்ரோவில் மண்ணடியில் இறங்கிக்கொள்ளலாம். காரை எடுத்துவந்தால் பார்க்கிங் தேடியே நடை முடிந்துவிடும்.

ஆகஸ்டில் வருவதாக இருந்தால் இன்னும் நல்லது. சென்னையின் பிறந்தநாளாகச் சொல்லப்படும் 1639 ஆகஸ்ட் 22ஐ ஒட்டி 2004இலிருந்து சென்னை தினம் கொண்டாடுகிறார்கள். அந்த வாரங்களில் இலவச நடைகள் நிறைய.

கேள்வி: கைடு ஒருவர் எங்களைக் கைவினைக் கடை, பட்டுக் கடை என்று இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார். தவிர்ப்பது எப்படி? டிப்ஸ் அவசியமா?
(வாசகி, திருச்சி)

பதில்: கமிஷன் கடை. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நீங்கள் வாங்குவதில் ஒரு பங்கு அழைத்து வந்தவருக்குப் போகும். கட்டணம் அநியாயத்துக்குக் குறைவாக இருந்தால் மிச்சத்தைக் கடையில் எடுக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போதே "கடைக்குப் போகவேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, 'சரி' என்று பதில் வாங்கிவிடுங்கள். அப்புறமும் கூட்டிப்போனால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். டிப்ஸ் உங்கள் இஷ்டம். கேட்டு வாங்குகிறவருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. கடைப் பக்கமே போகாமல் உங்கள் கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னவருக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி: அக்கா, ஞாயிறு காலை போட்டித் தேர்வு, எழும்பூரில் இரவு ரயில். மதியம் 1 மணியிலிருந்து சும்மா இருப்பேன். கையில் காசு இல்லை, கைடெல்லாம் முடியாது. என்ன பார்க்கலாம்?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, உனக்குக் கைடு தேவையில்லை. பையை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டு நடந்தே அருங்காட்சியகத்துக்குப் போ, பாந்தியன் சாலையில் இருக்கிறது. 1851இல் ஆரம்பித்தது, டிக்கெட் ரொம்பக் குறைவு, 5 மணிக்கு மூடிவிடுவார்கள். எல்லாக் கட்டடத்திலும் நுழையாதே. செப்புத்திருமேனிக் கூடத்துக்கு நேராகப் போய், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னாலும் திருவாலங்காட்டு நடராஜர் முன்னாலும் கொஞ்ச நேரம் நில். அப்புறம் ஆந்திராவிலுள்ள அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள். வால்டர் எலியட் 1845இல் தோண்டிச் சென்னைக்கு அனுப்பிய கற்கள், அதில் ஒரு பகுதி லண்டனுக்குப் போய்விட்டது, மிச்சம் இங்கே. பெயர்ப்பலகைகளைப் பொறுமையாகப் படித்தாலே உனக்கு வேண்டியது கிடைத்துவிடும். தேர்வுக்கும் உதவும்.

வெளியே வந்ததும் பஸ் பிடித்துத் திருவல்லிக்கேணி வா. பார்த்தசாரதி கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் 1795இல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. இரண்டும் ஒரே பேட்டையில்தான். வாலாஜா சாலையில் சுற்றுலா வளர்ச்சிக் கழக அலுவலகமும் இருக்கிறது. அடுத்த தடவை அப்பா அம்மாவோடு வரும்போது அங்கே சுற்றுலாப் பேருந்து விவரம் கேட்டுக்கொள். இருட்டும் முன் கடற்கரை. கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் உண்டு, ஆனால் அது மெரினாவின் தெற்குக் கோடி, ரயிலுக்கு நேரம் இடித்தால் விட்டுவிடு. தேர்வைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தால் அந்தப் பேச்சே இல்லை, அன்றைக்கு அது விடுமுறை.