டிஸ்க் ஆபரேஷன்: டெபாசிட்டை உடைத்து வெள்ளி வாங்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கூலிக்கு வெள்ளிக்கொலுசு செய்கிறேன். வயது 44. முதுகில் எல்4–எல்5 டிஸ்க் (கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது) பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். 1,80,000 ரூபாய் ஆகுமாம். நான்கு வருடமாக 3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. பேங்கில் 4 லட்சம் டெபாசிட். ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்பதால், டெபாசிட்டை எடுத்து வெள்ளிக்கட்டி வாங்கிப் போடலாமா?

பதில்: இப்போது வேண்டாங்க. வெள்ளியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என் கவலை ஆபரேஷனுக்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியது. தரையில் உட்கார்ந்து குனிந்தே பத்தவைக்கிற வேலை உங்களுடையது. எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் சில வாரங்கள் அப்படி உட்கார விடமாட்டார்கள். வேலை நின்றால் கூலி நிற்கும். அந்தக் கூலியைக் காப்பீடு தராது.

பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால் வரும் கால்வலி, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் சிலருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கும். சிலருக்கு நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசியும், படுக்கை நாட்கள் கூடும். அதே டிஸ்க் மறுபடி பிதுங்கி இரண்டாவது ஆபரேஷன் வரை போவதும் உண்டு. இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 3 லட்சத்தில் 1,80,000 போனால் அந்தப் பாலிசி ஆண்டுக்கு மிச்சம் 1,20,000. தீர்ந்த தொகையைத் திரும்ப நிரப்பும் வசதி சில பாலிசிகளில் இருந்தாலும், அதே நோய்க்கு அது செல்லாது என்று போட்டிருக்கலாம். உங்கள் பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அறை வாடகை வரம்பையும் பாருங்கள். அதைத் தாண்டிய அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸ் வரை காப்பீட்டு நிறுவனம் விகிதப்படி வெட்டலாம்.

அதனால் ஆறு மாத வீட்டுச் செலவு, சீட்டுத் தவணையையும் சேர்த்து, டெபாசிட்டிலேயே இருக்கட்டும். 4 லட்சத்தை நான்கு ரசீதாகப் பிரித்துப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். வெள்ளியை ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்.

இன்னொன்று. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் இறங்காவிட்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ, நடுராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் பணத்தை நினைத்து விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

அப்புறம், பாலிசி புதுப்பிக்கும் தேதி நீங்கள் படுத்திருக்கும் மாதத்தில் வருகிறதா என்று இன்றே பாருங்கள். வந்தால், பிரீமியத்தை முன்கூட்டியே கட்டச் சொல்லி வீட்டில் சொல்லிவையுங்கள்.