புலி விரட்டியதால்தான் சிறுத்தை தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு வருகிறதா?

இருக்கலாம், ஆனால் ஓடையோரம் புலித்தடம் தெரிவதையும் நாய்கள் காணாமல் போவதையும் மட்டும் வைத்துக் கூடலூரில் உள்ள உங்கள் தோட்டத்திலும் அதுதான் நடக்கிறது என்று முடிவு கட்ட இயலாது.

கடமானும் காட்டெருமையும் போதுமான அளவில் இருக்கும் காட்டில் புலி பெரும்பாலும் அவற்றையே நாடும். சிறுத்தை புள்ளிமான், கேளையாடு, குரங்கு ஆகியவற்றைக் கொண்டு பிழைத்துக்கொள்ளும். பகலில் கூட்டமாக வேட்டையாடும் செந்நாய்க்கும் இடம் மிஞ்சும். பெரிய இரை குறைந்தால் மூன்றும் நடுத்தர விலங்குகளையே மொய்க்கின்றன. அப்போது உடல்வலுவில் பின்தங்கிய சிறுத்தை, அடித்த இரையைப் புலியிடம் பறிகொடுப்பதோடு உயிரையும் இழக்க நேரிடலாம் என்பதால், காட்டின் விளிம்புக்கு ஒதுங்குகிறது. உத்தராகண்டின் ராஜாஜி புலிகள் காப்பகத்தில் புலிகள் பெருகிய பின்னர் சிறுத்தைகளின் உணவில் வளர்ப்பு விலங்குகளின் பங்கு கூடியது. இத்தனைக்கும் அங்கே மானுக்குப் பஞ்சமில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு.

1. புலித்தடம் தென்படுவதற்கு முன்பும் நாய்கள் இதே அளவில் காணாமல் போயினவா என்று பழைய தொழிலாளர்களிடம் கேளுங்கள். போயிருந்தால் புலியைக் காரணமாகச் சொல்வது கடினம்.

2. இறைச்சிக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று பாருங்கள். அது தெருநாய்களையும் காட்டுப்பன்றிகளையும் கூட்டும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். என் கணிப்பில் இதற்கே வாய்ப்பு அதிகம்.

புலியே இல்லாத தேயிலைத் தோட்டங்களிலும் சிறுத்தைகள் நிலையாக வாழ்கின்றன. எனவே கூண்டு வைத்து ஒன்றைப் பிடித்து அகற்றினாலும், காலியான எல்லைக்குள் வேறொன்று வந்து சேரக்கூடும்.