நகை அடகில் இருக்கும்போது பாலிசி எதற்கு?

பர்கூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கணவர் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார், கைக்கு 18,000 ரூபாய் வருகிறது. 2 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. தீபாவளி போனஸில் 40,000 மிச்சம். அடகுக் கடையில் மூன்று ரசீதாக வைத்த நகைமேல் 1,50,000 கடன், நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி, அதை மாதாமாதம் கட்டிவிடுகிறார்கள். கூட்டுறவு சங்கத்தில் 70,000 பயிர்க்கடன். மகளுக்கு 8 வயது. உறவுக்கார ஏஜென்ட் ஒருவர், "டிசம்பரோட இந்தத் திட்டத்தை மூடறாங்க, பாப்பா பேர்ல மாசம் 3,000 போட்டுடுங்க" என்று வீட்டுக்கு நடையாக நடக்கிறாராம். புது வருடத்தில் நகையை மீட்கணும், பிள்ளை படிப்புக்குச் சேர்க்கணும், வீடு கட்டணும், இதில் எதை முதலில் செய்வது என்பது அவருடைய கேள்வி.

முதலில் நகைதான். பாலிசி இப்போது வேண்டவே வேண்டாம்.

ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். 1,50,000-க்கு மாதம் 2,250, வருடத்துக்கு 27,000 ரூபாய் வெறும் வட்டியாகவே போகிறது. ஏஜென்ட் சொல்கிற மாதிரி சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த பாலிசிகள், இருபது வருடம் விடாமல் கட்டினாலும், பெரும்பாலும் 5, 6 சதவீதத்தைச் சுற்றித்தான் தருகின்றன. 18-க்குக் கடனை வைத்துக்கொண்டு 6-க்குச் சேர்ப்பதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. அந்த 40,000-த்தைக் கடனில் போட்டாலே வருடத்துக்கு 7,200 வட்டி மிச்சம்.

ஏஜென்ட் ஒரு தாள் காட்டியிருப்பாரே, அதை வாங்கி வைத்துப் பாருங்கள். அதில் 4 சதவீதம் என்று ஒரு பக்கம், 8 சதவீதம் என்று ஒரு பக்கம் எண்கள் இருக்கும். இவர்கள் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுவது எப்போதும் 8 சதவீதப் பக்கத்தைத்தான். இரண்டுமே உத்தரவாதம் இல்லை, ஒரு கணக்குக்காகப் போட்டவை என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படித்துக் காட்டுகிற ஏஜென்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதல் வருட பிரீமியத்தில் அவருக்குப் போகும் கமிஷன் அடுத்தடுத்த வருடங்களைவிட மிக அதிகம், அதனால்தான் இந்த அவசரம். உறவுக்காரர் ஆயிற்றே, எப்படி மறுப்பது என்றுதான் நம் மாவட்டத்தில் பாதிப் பாலிசிகள் போடப்படுகின்றன, இரண்டு வருடம் கட்டிவிட்டு முடியாமல் நிறுத்தும்போது கட்டிய பணம் முழுசாகத் திரும்பி வராது, அன்றைக்கு அந்த உறவுக்காரர் போனை எடுக்க மாட்டார். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்துவிடலாம், சிறு பிடித்தம் போகப் பணம் வந்துவிடும். ஏஜென்டிடம் வாயால் சொன்னால் போதாது, 30 நாளை அவரே கடத்திவிடுவார்.

சரி, நகைக்கு வருவோம். மூன்று ரசீதாக இருப்பது உங்களுக்கு நல்லதுதான். 40,000-த்துக்குள் முடிகிற ரசீதை முதலில் மீட்டு, அந்த நகையை வங்கியில் வையுங்கள். நீங்கள் அடகு வைத்த நாளைவிடத் தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு வங்கியில் கூடவே கிடைக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பணத்தில் இரண்டாவது ரசீது, அதை வங்கியில் வைத்து மூன்றாவது. இப்படி நகர்த்தினால் கடைசியில் உங்கள் கடன் 1,10,000, அதுவும் வங்கியில், 9, 10 சதவீத அளவில். மாதம் 2,250 போன இடத்தில் 900 ரூபாய்க்குப் பக்கத்தில் நின்றுவிடும். நிலம் உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால் சிட்டா எடுத்துப்போய் விவசாய நகைக்கடனாகக் கேளுங்கள், வட்டி இன்னும் குறையும். மாமனார் பெயரிலேயே பட்டா கிடக்கிறது என்றால், அதை மாற்ற எத்தனை தடவை தாலுகா ஆபீஸ் அலைய விடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும், அதற்காகக் காத்திருக்காமல் சாதாரண நகைக்கடனாகவே வையுங்கள். விலை ஏறியிருக்கு, இன்னும் 50,000 கூடத் தரலாம் என்று வங்கியிலேயே சொல்வார்கள். வாங்காதீர்கள்.

பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் "அடகு நகையை மீட்டு விற்றுத் தரப்படும்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறதே, அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்கள் ரசீதை வாங்கிப் போய்ப் பணம் கட்டி நகையை எடுப்பார்கள், எடுத்தபிறகு எடை குறைகிறது, கல் கழிக்கணும், சேதாரம் என்று அவர்கள் சொல்வதுதான் விலை. உங்கள் நகை அவர்கள் கையில் இருக்கும்போது நீங்கள் என்ன பேரம் பேச முடியும்?

அடுத்தது சங்கக் கடன். இதில் மட்டும் நான் சொன்ன விதி தலைகீழ். கையில் காசு இருக்கிறதே, கடனை அடைப்போம் என்று இதை முன்கூட்டியே அடைக்காதீர்கள். கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, அதை அரசு ஏற்றுக்கொள்கிறது. வட்டியில்லாக் கடனை அடைத்துவிட்டு 18 சதவீதக் கடனை வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், சங்கச் செயலாளர் கேட்டாரே என்ற கூச்சம்தான் காரணம். ஆனால் கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், வட்டி உங்கள் தலையில். அதனால் இன்றைக்கே சங்கத்துக்குப் போய்க் கெடு தேதியைப் பாஸ்புக்கில் எழுதி வாங்குங்கள், "பாத்துக்கலாம்மா" என்று வாயால் சொல்வது கணக்கில் வராது. கெடு ஜூலைக்குப் பிறகு என்றால் மாங்காய்ப் பணத்தில் கட்டலாம். பிப்ரவரி, மார்ச்சிலேயே வருகிறதென்றால் மீட்ட நகைகளில் ஒன்றை வங்கியில் வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள், அதாவது மூன்றாவது ரசீதுக்கு வேண்டிய பணம் வந்ததும் வங்கியில் மேற்கொண்டு வாங்காமல் நிறுத்திவிட்டு, கெடு வருகிற வாரத்தில் அந்த நகையை வைத்துச் சங்கத்தில் கட்டி, சங்கத்தில் புதுப் பயிர்க்கடன் கைக்கு வந்ததும் நகையை மீட்டுவிட வேண்டும். புதுக் கடன் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி வரும், கட்டாதே என்று டீக்கடையில் சொல்வார்கள். தேர்தல் நெருங்கினால் போதும், இந்தப் பேச்சு கிளம்பிவிடும். 2021-ல் 5 சவரன் நகைக்கடன் தள்ளுபடி என்றார்கள், அப்புறம் நிபந்தனைமேல் நிபந்தனை போட்டு எத்தனை பேரை வடிகட்டினார்கள்! நம்பி வட்டி கட்டாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவனை ஏமாளி ஆக்கி, கட்டாதவனையும் நடுவில் தவிக்க விடுகிற இந்த முறையைப் பற்றி எழுதினால் எனக்கு நிற்காது.

சங்கக் கெடுவுக்குத் தவிர, மாந்தோப்புப் பணத்தை இந்த வருடத் திட்டத்தில் வேறெங்கேயும் சேர்க்காதீர்கள். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை எப்படிச் சரிந்தது, கூழ் ஃபேக்டரி வாசலில் லோடு வண்டிகள் எப்படிக் காத்துக் கிடந்தன என்பதை நீங்களே பார்த்தவர். திட்டம் 18,000 சம்பளத்துக்கு மட்டும் போடுங்கள். பொங்கலை ஒட்டி மரம் பூக்கும்போதே குத்தகைக்காரர் கையில் பணக்கட்டோடு வந்து நிற்பார், அந்த அட்வான்ஸில் வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் ஆசை வரும். வீட்டை இந்த வருடம் விட்டுவிடுங்கள். தோப்பில் எது வந்தாலும், சங்கக் கெடுவுக்குப் போக மிச்சம் வங்கியில் இருக்கும் நகைக்கு.

மகளுக்காக ஒன்றே ஒன்று உடனே செய்ய வேண்டும். தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கு. 10 வயதுக்குள்தான் திறக்க முடியும். வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், இப்போதைய வட்டி 8.2 சதவீதம். இந்த டிசம்பரில் 250 போட்டுத் திறந்து வையுங்கள், நகை முழுசாக வீட்டுக்கு வந்தபிறகு ஏஜென்ட் கேட்ட அந்த 3,000-த்தை மாதாமாதம் இதில் போடலாம். படிப்புக்கு 18 வயதில் பாதி வரை எடுக்கலாம், முழுப்பணம் கணக்குத் திறந்து 21 வருடம் கழித்து, இல்லையென்றால் 18 வயதுக்குப் பிறகு கல்யாணத்தின்போது.

அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஏஜென்ட் பயமுறுத்துவார். அந்தக் கவலை நியாயம்தான், அதற்கு வழி வேறு. வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கிற இரண்டு அரசுக் காப்பீடுகளைக் கணவர் பெயரில் போடுங்கள். 436 எந்த மரணத்துக்கும் 2 லட்சம், 20 விபத்துக்கு 2 லட்சம். கம்பெனியில் பி.எஃப் பிடிக்கிறார்கள் என்றால், வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை அதிலேயே ஒரு காப்பீடு உண்டு. அதற்கு நாமினியாக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப்-ல் ஒரு இனிஷியல் என்றால் திருத்த மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், ஓசூரில் அதற்கென்றே கமிஷனுக்குப் புரோக்கர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனி எச்.ஆர் மூலமாகவே போடச் சொல்லுங்கள், யாரிடமும் ஓ.டி.பி சொல்ல வேண்டாம்.