வனவியல் மேற்படிப்பு: பணத்தைத் தேடும் முன் பட்டத்தின் வயதைப் பாருங்கள்

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் பி.எஸ்சி. வனவியல் முடித்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மூன்று ஆண்டுகளாக வனவராகப் பணிபுரிகிறேன். வெப்பமண்டலக் காடுகளின் நிலைத்த மேலாண்மை பற்றி வெளிநாட்டில் முதுகலை படிக்க விரும்புகிறேன். ஐ.டி.டி.ஓ. உதவித்தொகை கிடைத்தால் கைக்காசு செலவில்லாமல் படித்துவிடலாம் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?
– கோவை மாவட்ட வாசகி

பதில்: உங்கள் நண்பர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். ஐ.டி.டி.ஓ. எனப்படும் பன்னாட்டு வெப்பமண்டல மரப்பொருள் அமைப்பின் தலைமையகம் ஜப்பானின் யோக்கஹாமாவில் இருக்கிறது. இந்தியா அதில் உறுப்பு நாடு என்பதால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். 1989 முதல் அது வனத்துறையினருக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. அதன் முதல் செயல் இயக்குநரான மலேசியர் ஃபிரீசைலாவின் பெயரைத் தாங்கிய திட்டம் அது. ஆனால் இரண்டு ஆண்டுப் படிப்பை முழுவதும் தாங்குவதற்காக ஏற்பட்டதல்ல. குறுகிய காலப் பயிற்சி, கல்விப் பயணம், மாநாட்டில் பங்கேற்பு, தொழில்நுட்பக் கையேடு தயாரிப்பு போன்றவற்றுக்குத்தான் தருவார்கள். முதுகலை மாணவர்களுக்குச் சிறு தொகை உண்டு. பல ஆண்டுகளாக உச்சவரம்பு 10,000 அமெரிக்க டாலர். ஒரு பயிற்சிக்கு அது தாராளம். ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து படிக்கப் போதாது.

நீங்கள் கேட்பது முதுகலை. அதற்குப் பொருத்தமானது, டாட் (DAAD) எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு வளரும் நாடுகளில் பணியில் இருப்பவர்களுக்கென்றே தரும் உதவித்தொகை. அந்தப் பட்டியலில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல வனவியல் முதுகலை இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் பாடம். வகுப்புகள் நடப்பது நகரத்துக்கு வெளியே தாராண்ட் என்ற சிற்றூரில். ஜெர்மன் வனவியலாளர் ஹைன்ரிஷ் கோட்டா 1811இல் தம் வனப்பள்ளியைக் கொண்டுவந்து வைத்த இடம் அது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் இதே துறையில் படிப்பு உண்டு. உதவித்தொகை கிடைத்தால் மாதச் செலவு, மருத்துவக் காப்பீடு, பயணச் செலவு ஆகியவற்றை டாட் பார்த்துக்கொள்ளும்.

இதில்தான் உங்களுக்கு ஒரு நெருக்கடி இருக்கிறது. இந்த உதவித்தொகைக்கு இரண்டு நிபந்தனைகள் முக்கியம். பட்டம் பெற்ற பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு பணி அனுபவம் வேண்டும். கடைசியாகப் பெற்ற பட்டம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. முதலாவது உங்களிடம் இருக்கிறது. இரண்டாவதில் ஓர் ஆண்டுதான் மிச்சம். ‘பணியில் இன்னும் கொஞ்சம் அனுபவம் சேரட்டும்’ என்று காத்திருந்து, ஏழாம் ஆண்டில் வந்து நிற்கிற வனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆகவே இந்தச் சுற்றிலேயே விண்ணப்பியுங்கள். படிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பம் மூடிவிடும். அனுப்ப வேண்டிய இடமும் டாட் அலுவலகம் அல்ல, அந்தந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகம்.

துறையின் அனுமதியை இன்றே கேட்கத் தொடங்குங்கள். தடையில்லாச் சான்றும் படிப்பு விடுப்பும் கோப்பாக மேசை மேசையாக நகர வேண்டியவை. திரும்பி வந்தால் பணியில் சேர்த்துக்கொள்வோம் என்று மேலதிகாரி எழுதிக் கொடுக்க முடிந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். படித்தவர் ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காகவே பணம் தருகிறவர்கள் அந்தக் கடிதத்தை மதிப்பார்கள்.

அடுத்தது விருப்பக் கடிதம். பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான். என் முதல் விண்ணப்பமும் இங்கேதான் சறுக்கியது. உலக வெப்பமயமாதல், பல்லுயிர்ப் பெருக்கம், வருங்காலத் தலைமுறை என்று இரண்டு பக்கம் நிரப்பியிருந்தேன். எந்தக் காட்டில், எந்தப் பிரச்சினையைக் கற்றுத் தீர்க்கப் போகிறேன் என்று ஒரு வரி இல்லை. நிராகரித்தவர்கள் மேல் அன்று கோபம் வந்தது. இன்று படித்துப் பார்த்தால் நானே நிராகரிப்பேன்.

உங்கள் சரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டும்போது காட்டுக்குச் சேதத்தைக் குறைக்கும் முறையைக் கற்க ஆசை என்று எழுதத் தோன்றும். வெப்பமண்டல வனவியல் பாடங்களில் அது தவறாமல் வரும். மலேசியாவின் சபா மாநிலத்தில் தெராமக்கோட் காடு அந்த முறையால் பெயர் பெற்றது. காடு பொறுப்போடு பராமரிக்கப்படுகிறது என்பதற்கான எஃப்.எஸ்.சி. சான்றிதழை 1997இல் வாங்கிய காடு. ஆனால் தேர்வாளர் கேட்பார்: இதைக் கற்று நீங்கள் எங்கே செய்யப் போகிறீர்கள்? நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஜன்மம் என்ற பழைய நிலவுரிமை முறையில் இருந்த நிலங்களில் நடந்த மரவெட்டு குறித்துத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டப்படி அல்லாமல் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. நம் மலைக்காடுகளில் வனவரின் அன்றாட வேலை மரம் வெட்டுவது அல்ல. சபாவின் கேள்விக்கு விடை கற்று வந்தால் இங்கே அதற்கு வேலையில்லை.

இங்குள்ள கேள்விகள் வேறு. உண்ணிச்செடி (லான்டானா) என்ற அயல்செடி பரவிய காட்டில் அதைப் பிடுங்கிய பின் எந்த நாட்டு மரம் முதலில் தலையெடுக்கிறது, ஏன் மறுபடி உண்ணிச்செடியே வருகிறது? நீலகிரியில் சீகை (வாட்டில்) என்ற அயல்மரத்தை அகற்றிய இடத்தில் புல்வெளியை எப்படி மீட்பது? தேன், கடுக்காய் எடுக்கும் ஊர்க்காரர்களோடு அறுவடை அளவை எப்படி வகுப்பது? இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் சரகத்தில் உள்ள பீட்டின் (காவல் பகுதியின்) பெயர், பரப்பு, நீங்கள் கண்ட நிலை ஆகியவற்றோடு எழுதுங்கள். அதற்குத் தேவையான எந்தப் பாடம் எந்தப் பேராசிரியரிடம் இருக்கிறது என்பதையும் சேருங்கள். ஒரு பக்கம் போதும்.

ஐ.டி.டி.ஓ.வை முழுவதும் மறக்க வேண்டாம். முதுகலை ஆய்வுக்குச் சிறு தொகை கேட்கலாம். படித்து முடித்துத் திரும்பிய பிறகு குறுகிய பயிற்சிக்கும் கேட்கலாம். அப்போது பயிற்சி தரும் நிறுவனத்தின் ஏற்புக் கடிதம் முதலில் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளில் மட்டும். உறுப்பு நாடுகள் தாமாகத் தரும் பணத்தில் ஓடும் திட்டம் இது என்பதால் அறிவிப்பு வரும் மாதத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருங்கள்.

வெப்பமண்டலத்தைக் குளிர்நாட்டில் போய் ஏன் படிக்க வேண்டும் என்று தோன்றலாம். கோஸ்ட்டாரிக்காவின் துரியல்பாவில் உள்ள காடியே (CATIE) என்ற வெப்பமண்டல வேளாண் ஆய்வு, கல்வி மையம் நல்ல இடம்தான், பாடம் ஸ்பானிஷில். அந்த மொழி தெரிந்தால் அங்கேயும் முயலுங்கள். குளிர்நாட்டுக்குப் போவது நமக்குப் புதிதும் அல்ல. ஜெர்மனியின் பானில் பிறந்த தாவரவியலாளர் டீட்ரிஷ் பிராண்டிஸ் 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். அவர் காலத்தில் இந்திய வனப்பணிக்குத் தேர்வான ஆங்கிலேய இளைஞர்கள் ஜெர்மனிக்கும் பிரான்சின் நான்சிக்கும் அனுப்பப்பட்டுத்தான் காடு கற்றார்கள்.

இடையில் யாராவது முகவர், ‘உதவித்தொகை வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

இந்த வாரம் மூன்று வேலைகள். பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் விவரச் சான்று கேட்டு எழுதுங்கள், அது வரத் தாமதமாகும். பாஸ்போர்ட்டிலும் பட்டச் சான்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பட்டச் சான்றில் உள்ள தேதியிலிருந்து ஆறு ஆண்டு எப்போது முடிகிறது என்று நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.