வேலை தெரிந்த புத்தகங்கள்: கடந்த வருட வாசிப்பு, கேள்வி பதில்

கடந்த வருடம் படித்ததில் எனக்குப் பிடித்த புத்தகங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கே: அக்கா, ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

உ.வே. சாமிநாதையர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய ‘என் சரித்திரம்’. யோசிக்கவே வேண்டாம். இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல் ஒரு பழைய அச்சகத்தில் நடக்கிறது, ஏடு, அச்சு, பிழைதிருத்தம் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கையில் எடுத்தேன், எடுத்த காரணமே மறந்துபோகும் அளவுக்கு உள்ளே போய்விட்டேன். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் போய்ப் பார்க்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று தான் படித்ததையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார், முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். படித்ததில்லை. அங்கிருந்து தொடங்கி 1887இல் சிந்தாமணி அச்சில் வரும்வரை அவர் பட்ட பாட்டைப் படிக்க வேண்டும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், மூலம் எங்கே முடிகிறது உரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. சிந்தாமணி ஜைனக் காப்பியம், அதிலுள்ள சமயச் செய்திகள் பிடிபடாமல் அந்த ஊரிலேயே இருந்த ஜைனர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். கல்லூரியில் தமிழ் ஆசிரியர் அவர். எனக்கு இது தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்க அவருக்குத் தயக்கமே இல்லை. படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கே: அது அவ்வளவு பெரிய புத்தகம் ஆயிற்றே, எப்படி முடித்தீர்கள்? நான் பாதியில் விட்டுவிட்டேன்.

ஒரே மூச்சில் படிக்கப் பார்த்திருப்பீர்கள். 1940இலிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்தது அது, ஒவ்வொரு அத்தியாயமும் சின்னதாக, தனியாகப் படித்தாலும் நிற்கிற மாதிரி இருக்கும். தினம் இரவு ஒரு அத்தியாயம் போதும். ஆரம்பத்தில் ஊர்ப்பெயர்களும் உறவுமுறைகளும் நிறைய வரும், அதில் சோர்ந்துவிடாதீர்கள். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும் இடம் வந்துவிட்டால் அப்புறம் உங்களால் விட முடியாது. 1942இல் அவர் காலமானதால் தொடர் முடிவடையாமலே நின்றுவிட்டது என்பதையும் தெரிந்துகொண்டு படியுங்கள்.

கே: உங்களுக்குப் பிடித்த புத்தகங்களுக்கு நடுவில் ஏதாவது பொதுவாக இருக்கிறதா, இல்லை கையில் கிடைத்ததைப் படித்தீர்களா?

நல்ல கேள்வி. திட்டம் போட்டுப் படிக்கவில்லை, ஆனால் வருடக் கடைசியில் எழுதிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரு தொழில் இருந்தது. பாத்திரங்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, காலையில் எழுந்து என்ன வேலை செய்கிறார்கள், கூலியாக என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லாமலே விட்டுவிடும் நாவல்கள் எனக்கு இப்போது அலுத்துவிட்டன. ஒருத்தியின் கை என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அவள் மனசு எனக்குப் புரிகிறது.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) அப்படிப்பட்டது. ஊருக்கே துணி வெளுக்கிற ஆரோக்கியத்தின் கதை. துணி எடுப்பது, வெளுப்பது மட்டுமா, பிள்ளைப்பேறு பார்க்கிறாள், சாவு வீட்டில் நிற்கிறாள், களத்தில் தூற்றுகிறாள், அந்தியானால் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்கிறாள். ஊரில் எல்லாருடைய பிறப்பிலும் இறப்பிலும் அவள் கை இருக்கிறது, ஆனால் களத்தில் அவளுக்கு அளக்கும் தானியம் மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. அவள் கேட்பாள், கெஞ்சுவாள், சண்டையும் போடுவாள். இமையம் எந்த இடத்திலும் தலையை நீட்டி, பாருங்கள் எவ்வளவு அநியாயம் என்று சொல்வதில்லை. அளக்கிற மரக்காலைக் காட்டுகிறார், அவ்வளவுதான். இரண்டாவது முறையாகப் படிக்கிறேன், முதல் முறையைவிட இப்போதுதான் வலித்தது.

கே: இந்தப் பட்டியலில் பெண்கள் எழுதியது எங்கே?

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வந்தது. குமரி மாவட்டத்துப் பனைவிளை, பெருமை மட்டும் மிச்சமிருக்கிற ஒரு குடும்பம், அந்த வீட்டுப் பெண் லிஸி, பனையேறி மகன் தங்கராஜ். பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி லிஸியை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு உலகம் அவளுக்கு எவ்வளவு சின்னதாகிறது என்பதைக் குரலை உயர்த்தாமல் எழுதிக்கொண்டு போகிறார் பாருங்கள், அதை நான் பொறாமையோடு படித்தேன். சின்ன நாவல்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கே: அந்தக் குமரி வட்டார வழக்கு எனக்குப் புரியவில்லையே மேடம்.

வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். முதல் சில பக்கங்கள்தான் அந்தக் கஷ்டம்.

கே: மொழிபெயர்ப்பு?

இரண்டு. தாராசங்கர் பந்யோபாத்யாயின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, வங்காளத்திலிருந்து த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்தது. நாடி பிடித்து மரணம் வருவதைச் சொல்லிவிடுகிற ஒரு கிழ வைத்தியர், ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் ஆங்கில மருத்துவம், இரண்டுக்கும் நடுவில் நோயாளிகள். பழையது நல்லது புதியது கெட்டது என்று சுலபமாகச் சாய்ந்துவிடக்கூடிய கதை, சாயவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள், சாவைப் பற்றிப் பேசவே பயப்படுகிறோம் இல்லையா, அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று பி.எச். டேனியலின் ‘எரியும் பனிக்காடு’, இரா. முருகவேள் தமிழில். டேனியல் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர், ஆங்கிலத்தில் 1969இல் எழுதினார். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி கொடுக்கிற முன்பணம் எப்படிக் கால்விலங்காகிறது என்பதைக் கணக்கோடு சொல்கிறது. எழுத்து நடையில் ‘புத்தம் வீடு’ பக்கத்தில் வைக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அட்டைக்கடியையும் காய்ச்சலையும் கூலிக் கணக்கையும் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் எழுதியது, அதற்காகவே படிக்க வேண்டும்.

கே: எல்லாமே துக்கமாக இருக்கிறதே அக்கா, சிரிக்கிற மாதிரி ஒன்றுமே படிக்கவில்லையா?

படித்தேனே! மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’. வீடு நிறைய ஆட்கள், எல்லாருக்கும் இவரிடம் காசு வேண்டும், தங்கையின் ஆடு வந்து இவர் எழுதிய புத்தகங்களையே தின்கிறது. மனநோய்க்குச் சிகிச்சையில் இருந்த சமயத்தில் எழுதியது என்று தெரிந்தபிறகு அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

கே: எல்லாம் பழைய புத்தகங்கள். இப்போது எழுதுகிறவர்களைப் படிப்பதில்லையா?

படிக்கிறேன். இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2018இல் வந்தது, 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தீக்காயத்தோடு மகள் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வெளியே பெற்றவர்களும் உறவுக்காரர்களும் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பேச்சுதான். காத்திருக்கிற நேரத்தில் மனிதர்கள் என்னென்னவெல்லாம் பேசுவார்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அது அப்படியே இருக்கிறது. உடம்பு சரியில்லாத சமயத்தில் மட்டும் படிக்காதீர்கள்.

கே: பிடிக்காமல் பாதியில் விட்டது எது? பெயர் சொல்வீர்களா?

பெயர் வேண்டாம். விட்டவை எல்லாமே தகவலைக் கொட்டிய நாவல்கள். எழுதுகிறவர் தேடிப் படித்தது பாத்திரத்தின் வாயில் பாடமாக வருகிறது. அதே ஆபத்து என் அச்சக நாவலுக்கும் இருக்கிறது, அதனால்தான் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை மறுபடி எடுத்தேன். இளம்வயதில் இந்தோனேசியாவில் இருக்கும் மேடானுக்குப் போய் வேலை பார்த்தவர் அவர். வட்டிக்கடை நடைமுறை, கப்பல், யுத்தம், பினாங்குத் தெருக்கள் என்று எவ்வளவு தகவல், ஒன்றுகூட விளக்கமாகத் தெரியவில்லை. அங்கே இருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள், நாம் ஒட்டுக்கேட்கிறோம். எழுத நினைக்கிறவர்கள் அந்த உரையாடல்களைக் கையால் எழுதிப் பாருங்கள், நான் செய்தேன்.

கே: காசு கொடுத்து இத்தனையும் வாங்க முடியாது. என்ன செய்வது?

‘என் சரித்திரம்’, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. மற்றவற்றுக்கு முதலில் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். அடுக்கில் இல்லை என்றால் நூலகரிடம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கே: அடுத்து என்ன?

பூமணியின் ‘அஞ்ஞாடி’. ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிறது, மேசைமேல் எடுத்து வைத்துவிட்டேன். ஏற்கெனவே படித்தவர்கள் கதையைச் சொல்லிவிடாதீர்கள்.