கணினி கேள்வி – பதில்: நினைவகம் குறைவது எந்தக் கணினியில்?

கேள்வி: அச்சகத்தில் ஒரு விண்டோஸ் 7 கணினியில் ஷேர் செய்த ஃபோல்டரை உபுண்டு (லினக்ஸ்) கணினியில் மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, வேலை பார்க்கிறோம். சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு ‘மவுண்ட் எரர் 12, கேனாட் அலோகேட் மெமரி’ என்று நின்றுவிடும். உபுண்டுவில் ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஜிபி ஆக்கியும் தீரவில்லை.
– வாசகர், சிவகாசி

பதில்: உபுண்டுவின் ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷேர் கொடுக்கும் விண்டோஸ், ‘என்னிடம் இடமில்லை’ என்று மறுக்கிறது. அந்த மறுப்புதான் லினக்ஸ் பக்கம் 12ஆம் எண் பிழையாக வந்து நிற்கிறது.

விண்டோஸில் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் பிழை வந்த நேரத்தைப் பாருங்கள். ‘எஸ்ஆர்வி’ என்ற மூலத்திலிருந்து 2017 என்ற எண் பதிவாகியிருந்தால் காரணம் உறுதி. ஹார்ட் டிஸ்குக்கு மாற்ற முடியாமல் எப்போதும் ரேமிலேயே இருக்க வேண்டிய ‘நான்பேஜ்டு பூல்’ என்ற பகுதி விண்டோஸில் உண்டு. அதிலிருந்து ஷேர் வேலைக்கு எடுத்துக்கொள்ள ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மேசைக் கணினியாகவே அமைக்கப்பட்ட விண்டோஸ் 7இல் அது சிறியது. அதனால்தான் ரேம் நிறைய காலியாக இருந்தாலும் இந்தப் பிழை வரும்.

வரம்பை உயர்த்த, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியை மாற்ற உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வையுங்கள். லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், லேன்மேன்சர்வர், பாராமீட்டர்ஸ் என்று இறங்கினால் ‘சைஸ்’ என்ற டிவேர்டு (எண் வகை) மதிப்பு இருக்கும். அதை 3 ஆக்குங்கள். 1 என்றால் குறைந்த நினைவகம், 2 நடுத்தரம், 3 என்றால் ஃபைல் பகிர்வுக்கே முன்னுரிமை. எல்லோரும் ஃபைல்களை மூடிய பிறகு சர்வீசஸ் பட்டியலில் ‘சர்வர்’ சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுவரை மாற்றம் நடைமுறைக்கு வராது.

இதோடு ‘லார்ஜ்சிஸ்டம்கேச்’ என்பதையும் 1 ஆக்கச் சொல்வார்கள். அது சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர், மெமரி மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் இருக்கிறது. அதை உடனே மாற்ற வேண்டாம். அதே கணினியில் பக்க வடிவமைப்பு போன்ற கனமான மென்பொருள் ஓடினால், அதற்கான ரேமை ஃபைல் கேச் (ஃபைல்களைத் தற்காலிகமாக ரேமில் வைக்கும் பகுதி) எடுத்துக்கொள்ளும். ‘சைஸ்’ மாற்றியும் 2017 திரும்ப வந்தால் மட்டும் செய்து, கணினியையே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதன் பிறகும் தீராவிட்டால் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘நான்பேஜ்டு’ எண்ணைக் காலையும் மாலையும் குறித்து வாருங்கள். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு டிரைவர் (விண்டோஸுக்குள் இயங்கும் துணை மென்பொருள்) எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தரவில்லை. நெட்வொர்க் கார்டு டிரைவரையும் ஆன்டிவைரஸையும் முதலில் புதுப்பியுங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் மாற்றியதிலிருந்து, எங்கள் ஷேரைத் திறக்கும் மற்ற விண்டோஸ் கணினிகளில் ‘நாட் இனஃப் சர்வர் ஸ்டோரேஜ்’ என்று வருகிறது. டிஸ்கில் பாதிக்கு மேல் காலி.
– வாசகி, ஈரோடு

பதில்: டிஸ்க் இடத்தைப் பற்றிய பிழை அல்ல இது. ஒவ்வொரு ஃபைல் கோரிக்கையும் அடுக்கடுக்கான டிரைவர்களைத் தாண்டிப் போகிறது. ஆன்டிவைரஸ் அதில் இன்னும் சில அடுக்குகளைச் சேர்த்துவிட்டது. ஷேர் கொடுக்கும் கணினியில், மேலே சொன்ன அதே பாராமீட்டர்ஸ் இடத்தில் ‘ஐஆர்பி ஸ்டாக் சைஸ்’ என்ற டிவேர்டு வேண்டும். இல்லையென்றால் உருவாக்குங்கள். ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக, ஐ, ஆர், பி, இரண்டு எஸ் ஆகியவை பெரிய எழுத்திலும் மற்றவை சிறிய எழுத்திலும் இருக்க வேண்டும். பெயர் பிசகினால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இயல்பு மதிப்பு 15, உச்சம் 50. டெசிமல் என்பதைத் தேர்ந்தெடுத்து 18 கொடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். போதாவிட்டால் மூன்று மூன்றாகக் கூட்டுங்கள். எடுத்தவுடன் 50 வேண்டாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்த அளவு நினைவகம் செலவாகும்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரியைத் தொடாமல் 2017 பிழையைத் தீர்க்க முடியாதா?
– வாசகர், திருச்சி

பதில்: ‘சர்வர்’ சேவையை ரீஸ்டார்ட் செய்தால் அப்போதைக்குச் சரியாகும், மறுபடி வரும். விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. எனவே பொது ஃபோல்டரை லினக்ஸில் சாம்பா (விண்டோஸ் கணினிகளோடு ஃபைல் பகிர உதவும் மென்பொருள்) போட்ட ஒரு கணினிக்கு மாற்றிவிடுவதையே பரிந்துரைக்கிறோம். 2017 பிழைக்குக் காரணமான உச்சவரம்பு விண்டோஸின் ‘சர்வர்’ சேவைக்கு உரியது, சாம்பாவில் கிடையாது.