வாசகர் கேள்விகள்: இங்கிலாந்தில் எந்தக் கோயில் (சர்ச்) ஏட்டைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா இங்கிலாந்திலிருந்து பட்டாளத்தில் வந்தவராம். பிள்ளைகள் ரயில்வேயில் சேர்ந்து மதுரையிலேயே தங்கிவிட்டார்கள். இணையத்தில் தேடினால் அவர் பெயரிலேயே நாற்பது ஞானஸ்நானப் பதிவுகள் வருகின்றன. எங்கள் ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகி, ரயில்வே காலனி, மதுரை

பதில்: அந்த நாற்பதையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். அங்கே ஏடுகள் பாரிஷ் வாரியாகத்தான் இருக்கின்றன (நம் பக்கத்தில் பங்கு, சேகரம் என்கிறோமே, அதுதான்). எந்த பாரிஷ் என்று தெரியாமல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் யாரோ ஒருவருடைய வம்சத்தை எழுதி முடிப்பீர்கள். மதுரையில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள்.

வீட்டிலிருக்கும் ஞானஸ்நான, கல்யாணச் சான்றுகள், கல்லறைக் கல் ஆகியவை முதல் படி. அடுத்தது லண்டன் நகல். மதராஸ் மாகாணக் கோயில்களில் எழுதியதைப் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் 'என் 2' வரிசையில் உள்ளன. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பெயர் தேடலாம். ஏட்டின் படத்தை ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசு கட்டிப் பார்க்கலாம். படத்தைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அந்த நகலில் விடுபட்டிருக்க நிறைய வாய்ப்புண்டு; சம்பந்தப்பட்ட பங்கு ஏட்டையே பார்க்கக் கேளுங்கள்.

பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் தொழில் எழுதும் இடத்தில் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) பெயர் இருக்கும். அதுதான் சாவி. பிரிட்டிஷ் அரசரின் படை என்றால் லண்டனில் கியூ என்ற பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ ஓ 97' என்ற வரிசையைப் பாருங்கள். சிப்பாயைப் பணியிலிருந்து விடுவித்த தாளில், பிறந்த பாரிஷ், பக்கத்து டவுன், கவுண்ட்டி (நம் மாவட்டம் போல) மூன்றும் சேர்ந்தே வரும். ஆனால் 1883க்கு முன் பென்ஷனோடு போனவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்தத் தாள் மிஞ்சியிருக்கிறது. பணியிலேயே இறந்தவருக்குக் கிடைக்காது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை என்றால் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள மதராஸ் படைப் பட்டியல்களைப் பாருங்கள்.

பாரிஷ் தெரிந்தபின், அந்தக் கவுண்ட்டியின் ஆவணக் காப்பகத்தை நாடுங்கள். பழைய ஏடுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன, கோயிலில் அல்ல. 1813 முதல் ஞானஸ்நான ஏடு அச்சடித்த படிவம், பக்கத்துக்கு எட்டுப் பதிவு. பெற்றோர் பெயர், குடியிருப்பு, தகப்பன் தொழில் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். அதற்கு முன் பல ஊர்களில் 'வில்லியம் மகன் ஜான்' என்ற ஒற்றை வரியோடு சரி.

ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் இருந்தால் அடக்க ஏட்டைப் புரட்டுங்கள். இரண்டு வயதில் புதைக்கப்பட்ட பிள்ளை உங்கள் சிப்பாய் அல்ல. அவர் மதராஸில் இருந்த வருஷத்தில் இங்கிலாந்தில் அந்த பாரிஷ் கோயிலில் கல்யாணம் செய்தவரும் அல்ல. இப்படி ஒவ்வொருவராகக் கழித்து மிஞ்சுகிறவர்தான் உங்கள் ஆள். பொருந்துகிறவரைத் தேடுவதைவிடப் பொருந்தாதவரைத் தள்ளுவதுதான் உறுதியான வழி.

கேள்வி: 1723 நவம்பரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையை 1723 பிப்ரவரியில் அடக்கம் செய்ததாக இருக்கிறது. எழுத்துப் பிழையா?
வாசகர், திருமங்கலம்

பதில்: பிழையே இல்லை. 1752க்கு முன் இங்கிலாந்தில் மார்ச் 25 அன்றுதான் வருஷம் பிறந்தது. அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1724. குறிப்பெடுக்கும்போது 1723/4 என்று இரண்டையும் எழுதுங்கள். 1752 செப்டம்பரில் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14. நடுவில் ஏடு காலியாக இருந்தால் பக்கம் கிழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: 1650களில் பதிவே இல்லை. பிஷப்புக்கு அனுப்பிய நகலில் கிடைக்குமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: 1598 முதல் ஒவ்வொரு பாரிஷும் தன் ஏட்டின் நகலை வருஷா வருஷம் பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஏடு செல்லரித்த ஊர்களுக்கு அந்த நகல்தான் கைகொடுக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கும் வருஷங்களில் பிஷப் பதவியையே ஒழித்திருந்தார்கள். 1660க்குப் பிறகுதான் மீண்டும் வந்தது. அந்த இடைவெளிக்கு உயில்களைத் தேடுங்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரை உயிலில் வரிசையாக எழுதுவது வழக்கம்.